ஆலத்தியூரை அழிக்கச் சொன்ன பொட்டி சார்

உலகத்தில் கவலைப்பட ஒரு விஷயம்கூட மிச்சமில்லை என்று யாராவது சொன்னால், அதை நம்பாத முதல் ஆள் எங்கள் பொட்டி சாராகத்தான் இருப்பார். ஒருவேளை நம்பிவிட்டால், இனி எதற்குக் கவலைப்படுவது என்று அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு செல்போன் கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ். கேட்பவர்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுப்போம். நான், ஏலாக்குறிச்சியிலிருந்து வரும் ஸ்டெல்லா, எங்கள் இருவருக்கும் மூத்தவரான பொட்டி சார், அவ்வளவுதான். முதலாளி திருச்சியில் இருந்துகொண்டு போன் வழியாக முதலாளியாக இருந்தார்.

வெப்சைட்டை வெளியே விடுமுன் எங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க ஒரு மென்பொருள் உண்டு. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் எழுந்து நிற்கும். வேறொரு வரிக்குத் தூங்கும். இன்னொன்றுக்கு இருந்த இடம் தெரியாமல் அழிந்துபோகும். அந்த உள் கம்ப்யூட்டர்களை அவர் பொட்டி என்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

ஒவ்வொரு பொட்டிக்கும், வேலை கொடுத்தவரின் சொந்த ஊரைப் பெயராக வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டா கை தவறிடும்மா. ஊர் பேருன்னா அழிக்கிறப்ப ஒரு பயம் இருக்கும்."

எங்களுக்குப் பயம் வந்ததோ இல்லையோ, அவருக்கு வந்தது. அழிக்கும் வரியைத் தட்டியதும் "உறுதியா?" என்று மென்பொருள் கேட்கும். அவர் முதலில் உள்ளே இருப்பதற்கு ஒரு காப்பி எடுத்து வைப்பார். எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார். மாடிப்படியில் இறங்கி ஏறுவார். "எனக்கு எதுலம்மா உறுதி இருக்கு? இது வேற கேக்குது" என்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதமா என்று கேட்டதற்கு, "ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டு சொல்றேன்" என்றாராம். ஸ்டெல்லா சொன்னது, நான் நம்பினேன்.

அரியலூர் கடைத்தெருவில் ராசாத்தி அம்மா முந்திரி வியாபாரம் செய்கிறார். சொந்த ஊர் உடையார்பாளையம். திருச்சியிலிருந்து இரண்டு ஸ்வீட் கடைக்காரர்கள் மதியம் அவர் கடைக்கு வருவதாக இருந்தது. அவர்களிடம் புது வெப்சைட்டைக் காட்டித் தீபாவளி ஆர்டரைப் பிடிக்க வேண்டும். பெரம்பலூரில் ஸ்டெல்லா பொட்டியை எழுப்பி வைப்பாள். நாங்கள் அரியலூரிலிருந்து லேப்டாப்பில் காட்டுவோம் என்பது ஏற்பாடு.

பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அழைத்தாள். கம்ப்யூட்டரில் இடம் போதாமல் உடையார்பாளையம் எழுந்திருக்க மறுக்கிறது என்றாள்.

பஸ் இரைச்சலில் பொட்டி சார் கத்தினார். "ஆலத்தியூர அழிச்சிடு ஸ்டெல்லா. ஆமா, முழுசா. எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது."

முன் இருக்கையில் சிமெண்ட் ஆலைச் சீருடையில் இருந்தவர் திரும்பினார்.

"சார், எங்க ஊர் உங்கள என்ன பண்ணுச்சு?"

"ஐயோ, அது ஊர் இல்லீங்க. பொட்டிங்க. அழிச்சாலும் திரும்ப உண்டாக்கிடலாம்."

"எது, ஆலத்தியூரையா?"

கண்டக்டர் விசிலடித்தார். வண்டி ஓரங்கட்டி நின்றது. "எறங்குங்க சார். பொட்டில என்ன இருக்குன்னு ஸ்டேஷன்ல சொல்லிக்கலாம்."

"அழிக்கச் சொன்னது எங்க ஊரத்தானே?" என்றார் சீருடைக்காரர் மறுபடியும்.

"ஆமாங்க, ஆனா..." என்றார் பொட்டி சார். போனை அவர் அணைக்கவே இல்லை.

நான் லேப்டாப்பைத் திறந்து கண்டக்டருக்குக் கறுப்புத் திரையைக் காட்டி விளக்கினேன். கறுப்புத் திரை சந்தேகத்தைக் கூட்டியது. முந்திரிப் படம் போட்ட ராசாத்தி அம்மாவின் விளம்பர நோட்டீஸைக் காட்டிய பிறகுதான் வண்டி நகர்ந்தது.

அரியலூரில் இறங்கியதும் ஸ்டெல்லா மறுபடி அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். சத்தத்தில் ஊர்ப் பெயர் சரியாக விழவில்லை, "உடையார்பாளையமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். சீருடைக்காரருக்குச் சொன்ன "ஆமாங்க" அவள் காதில் விழுந்திருக்கிறது. காப்பிகூட எடுக்காமல் அழித்துவிட்டாள்.

பொட்டியை மறுபடி எழுப்பலாம். ஏற்றி வைத்த படங்கள், விலை விவரம் எல்லாம் போனது போனதுதான். பொட்டி சார் அங்கேயே மயங்கி விழுவார் என்று நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அவர் விழவில்லை. "அழுவாதம்மா. நீ கேட்ட, நான் ஆமான்னேன். தப்பு என் வாயில. மொகத்தக் கழுவிட்டு வந்து புதுசா எழுப்பு" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

கடையில் ராசாத்தி அம்மா, "யாரு அழிச்சது?" என்று கேட்டார்.

"நாந்தாங்க."

"அவங்க வர்ற நேரத்துக்கு நான் எதக் காட்டுறது?"

"பருப்பு இங்கதானே இருக்கு. எடுத்து வைங்க."

முறைத்துக்கொண்டேதான் எடுத்து வைத்தார். முழுப் பருப்பு, பாதி, உடைசல் என்று ஒவ்வொன்றாக வாசல் வெளிச்சத்தில் தட்டில் பரப்பினார். பொட்டி சார் முட்டி போட்டுப் போனில் படமெடுத்தார். ராசாத்தி அம்மா விலை சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஸ்டெல்லா ஏற்றினாள். கடைசிப் படம் ஏறும்போது திருச்சிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆர்டர் கிடைத்தது. பழைய படங்களைவிட இவை நன்றாக இருக்கின்றன என்று ராசாத்தி அம்மாவே சொன்னார். அதன்பிறகுதான் பொட்டி சாருக்குப் பழைய கவலை திரும்பி வந்தது. டீயைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்துவிட்டு, "ஸ்டெல்லா தனியா இருக்கா. ஏதாச்சும் சாப்ட்டாளான்னு கேளு" என்றார். கேட்டேன். சாப்பிட்டுவிட்டாளாம். "நெசமாவான்னு கேளு" என்றார்.

எப்படி அழிந்தது என்று முதலாளி விசாரித்தபோதும் அவர் ஸ்டெல்லா பெயரைச் சொல்லவில்லை.

இப்போது நான் சென்னையில் பெரிய ஆபீஸில் இருக்கிறேன். இங்கே யாரும் எதற்கும் பதறுவதில்லை. மழை பெய்கிற மாலைகளில், நான் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தேனா என்று கவலைப்படவாவது பக்கத்து சீட்டில் பொட்டி சார் இருந்தால் தேவலை என்று தோன்றும்.