சாக்ஸுக்குள் காசித்தும்பை

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த எல்லார் சாக்ஸையும் திருடி, அத்தனை பேரிடமும் நல்ல பெயர் வாங்கிய ஒரே ஆள் எங்கள் காவல்காரர்தான். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் சாக்ஸ் சேட்டன்.

நான் அங்கே தங்கியிருந்த மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. கொடியில் காயப்போட்ட நைலான் சாக்ஸில் ஒன்று மட்டும் காணாமல் போகும். ஒற்றைச் சாக்ஸை எந்தத் திருடன் எடுப்பான்? எனக்கு மண்டை குடைந்தது. தேடிக்கொண்டே பின்முற்றத்துக்குப் போனால், சிமெண்டுத் தரையில் தொட்டி தொட்டியாகக் காசித்தும்பை. அதில் ஒரு செடியில் மட்டும் கிளைக்குக் கிளை சாக்ஸ்!

"சாரே, மெல்ல நடங்க! காய் மூத்து நிக்குது," என்று கிசுகிசுத்தார் சேட்டன்.

"அது என் சாக்ஸ், சேட்டா!"

"அறியும் சாரே. காட்டன் ஆகாது, மழை ஈரம் பிடிக்கும். உங்க நைலான் நல்ல சாதனமாக்கும்."

மற்ற செடியெல்லாம் ரோஸ் பூ. இது வெள்ளையில் சிவப்புப் புள்ளி. முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை பறந்துவிடும்; அதைப் பிடிக்கத்தான் காய்க்குச் சாக்ஸ் உறை. செடியும் அந்தப் பருவத்தோடு சரி.

"போன வருஷம் ஒரு பூனை வாலை ஆட்டிச்சு. மொத்தமும் ஓடைக்குள்ள! ஒத்த விதை தப்பிச்சுது. அதுதான் இது."

அன்றிலிருந்து முற்றத்தில் தும்மல் தடை. லாட்ஜ் முதலாளிக்கே ஒரு நாள் இருமல் வர, சேட்டன் அவர் வாயைப் பொத்தித் தெருவில் கொண்டுபோய் விட்டார்.

ஒரு காலை, மேலதிகாரி வரும் நாள். மிச்சமிருந்த சாக்ஸ்களில் ஒன்றுகூட ஜோடி சேரவில்லை. கோபத்தில் போய்ச் செடியிலிருந்து என் சாக்ஸை வெடுக்கென்று உருவினேன். செடியே குலுங்கியது. சாக்ஸ் மூடாத காய்கள் படபடவென்று வெடித்தன.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. தூறலில் மண்டியிட்டு விதை பொறுக்க ஆரம்பித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு நானும் மண்டியிட்டேன். மேலதிகாரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

அந்த மாதமே சென்னைக்கு மாற்றல். வீட்டில் பெட்டியைத் திறந்தால் அதே சாக்ஸ், வாய் முடிச்சுப் போட்டு. உள்ளே, பொறுக்கியதில் பாதி விதை.

மொட்டைமாடியில் விதைத்தேன். வெள்ளையில் சிவப்புப் புள்ளியாகவே பூத்தது. சந்தோஷத்தில் சேட்டனுக்குப் போன் போட்டேன்.

"இங்க கடல் ஏறி உப்புத்தண்ணி முற்றத்துல கேறிச்சு சாரே. தொட்டி எல்லாம் போச்சு. ஒண்ணும் பாக்கியில்லை."

சேட்டன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. நான் என் செடியைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி:

"சாரே... அங்க பூனை உண்டா?"

இப்போது என் செடியில் காய் முற்றியிருக்கிறது. வீட்டிலிருக்கும் நைலான் சாக்ஸ் அத்தனையும் அதன் மேல்தான். சாக்ஸில்லாமல் செருப்போடு வேலைக்குப் போகிறேன். கொச்சிக்கு அனுப்ப வேண்டிய விதை, ஒன்றுகூடச் சிந்தக் கூடாது.