சலவை அறைச் செயலி குறித்து மேல்மாடி மாமனாருக்கு

யெவ்லே,
சனிக்கிழமை மாலை

பெருமதிப்பிற்குரிய மாமா ஸ்டூரே அவர்களுக்கு,

கீழ்வீட்டு மாப்பிள்ளை ஹாம்பஸ் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மகள் டீராவும் நலம். நீங்களும் அத்தையும் நலம் என்பதை எங்கள் தலைக்கு மேல் கேட்கும் காலடிச் சத்தத்தால் அறிந்து மகிழ்கிறேன். ஒரு மாடி ஏறி வந்து நேரில் சொல்லியிருக்கலாம்தான். முன்கூட்டித் தெரிவிக்காமல் ஒருவர் கதவைத் தட்டுவது நம் ஊரில் தீப்பிடித்தால் மட்டும் என்பதால் இதை உங்கள் கதவின் தபால் துளையில் போடுகிறேன்.

நாளை நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். கட்டடத்தின் பொதுச் சலவை அறைக்கு முறை பதிய நான் எழுதிக்கொடுத்த செயலியைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழையபடி அவரவர் வேண்டிய நேரத்தில் தன் பூட்டை மாட்டி முறை பிடிக்கும் பலகையையே சுவரில் அடிக்க வேண்டும் என்று தீர்மானம் வந்திருக்கிறது. தலைவர் நீங்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நீங்கள் என்னைப் பாராட்டியது ஒரே ஒரு தடவை, அதுவும் இந்தச் செயலிக்காகத்தான். அதையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள் மாமா.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செயலி தனித்தனிப் பெட்டிகளாக ஓடுகிறது, எங்கள் தொழிலில் கண்டெய்னர் என்போம். ஒரு பெட்டி உங்களிடம் பேசி முறையைப் பதிந்துகொள்ளும், இன்னொன்று செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக வைத்திருக்கும், மூன்றாவதில் பின்னணி வேலையாள் என்று ஒரு நிரல், வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ‘உங்கள் முறை தொடங்குகிறது’ என்று கைபேசிக்குச் செய்தி அனுப்பும். போன மாதம் சர்வரை மாற்றி எல்லாவற்றையும் இப்படிப் பெட்டி பெட்டியாகப் பிரித்ததும் வேலையாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது, ஒரு செய்தியும் போகவில்லை, ஆனால் திரையில் பச்சை விளக்கு, ‘ஓடுகிறது’ என்று சாதிக்கிறது, எனக்கு எப்படித் தெரியும், செய்தி வராதவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா, நம் ஆட்கள் சொல்வார்களா, லிஃப்டில் என்னைப் பார்த்தால் “மழ வரும்போல இருக்கு” என்றுவிட்டு நேரே கீழே போய்ச் சலவை அறைக் கதவில் பெயர் போடாமல் சீட்டு ஒட்டினார்கள். ‘இந்தச் செயலியை எழுதியவன் ஆயுசுக்கும் கையாலேயே துவைக்கட்டும்’ என்று ஒன்று. அது உங்கள் கையெழுத்து என்கிறாள் டீரா. நான் நம்பவில்லை.

“அத ஒருதடவ அணைச்சிட்டுப் போட்டுப் பாரேன்” என்றாள். போட்டேன், மறுபடி பச்சை விளக்கு. கடைசியில் பெட்டிக்குள்ளேயே நுழைந்து பார்த்தால், ‘வரிசையைக் காணோம், மறுபடி தேடுகிறேன்’ என்று வேலையாள் பாராயணம் பண்ணிக்கொண்டிருக்கிறது. வரிசை ‘இதே வீட்டில்’ இருக்கிறது என்று நான் முகவரி கொடுத்திருந்தேன். எல்லாம் ஒரே கணினியில் இருந்தவரைக்கும் அது சரி. பெட்டிக்குள் போன பிறகு ‘இதே வீடு’ என்றால் அதன் சொந்தப் பெட்டி அல்லவா, வரிசையோ பக்கத்துப் பெட்டியில். பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காமல், மரியாதையாகத் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு மாதமாகத் தேடியிருக்கிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது மாமா, வளர்த்த ஊரின் குணம் அப்படியே வந்திருக்கிறது.

முகவரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். வேலையாளுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில், தேங்கிக் கிடந்த ஒரு மாதச் செய்தியையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டது. நேரம் தவறினால் நமக்குத்தான் சோறு இறங்காதே, மொத்தக் கட்டடமும் அழுக்குத் துணி அடைத்த நீலப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. அடி விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டே நானும் கீழே ஓடினேன். யாரும் சத்தம் போடவில்லை, வரிசையில் நிற்கிறார்கள், அதைவிட அதிசயம், பேசுகிறார்கள்.

“இத்தன வருஷமா எதிர்வீட்ல இருக்கீங்க, ஒங்கள நான் பாத்ததே இல்லியே” என்கிறார் சூல்வேய் அம்மா.

“நான் பாத்திருக்கேனே, கதவுக் கண்ணாடி வழியா” என்கிறார் பெர்த்தில். “நீங்க படி எறங்கினப்புறம்தான் நான் வெளியவே வருவேன்.”

“நானும் அப்படித்தான். என் ஈரத் துணிய எடுத்து வெளிய வச்சது நீங்களா?”

“நான்தான்.”

“பரவால்ல, அழகா மடிச்சு வச்சிருந்தீங்க.”

யாரோ காபி கொண்டுவந்தார்கள், பின்னாலேயே லவங்கப்பட்டை பன்னும் வந்தது. துணியைத்தான் யாரும் துவைக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேலே ஓடிவந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நேரம் கடந்த செய்தி இனிமேல் தானாகவே குப்பைக்குப் போகும்படி செய்துவிட்டேன். ஆகவே நாளைக்குச் செயலிக்காகக் கை தூக்குங்கள் மாமா.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தீரவும், கம்பளிச் சட்டைகள் ஒருநாளும் சுருங்காதிருக்கவும் வேண்டும்,

உங்கள் அன்பு மாப்பிள்ளை
ஹாம்பஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் டீரா கீழேயிருந்து வந்தாள். “நாளைக்கு ஒன்னத்தான் தலைவரா போடப் போறாங்க, மொத்தக் கட்டடமும் சேந்து முடிவு பண்ணியாச்சு. நீ மேல வந்தப்புறம் அப்பா அங்க எறங்கி வந்தாரு, ஒன் பேரச் சொன்னதே அவருதான். நீ ஒத்துக்குவேன்னு நானும் சொல்லிட்டேன்” என்கிறாள். கூரை ஒழுகினாலும் சாக்கடை அடைத்தாலும் ஊரே கூப்பிடும் பதவி. மாமா, மேலே எழுதியதை ஒரு வரிகூட மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். செயலி சுத்த மோசம், நாளைக்கு அதை நீங்களே கிழிகிழியென்று கிழியுங்கள். பலகையை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், சுத்தியலோடு நிற்கிறேன்.