நான்கு முறை நனைந்தவன்

அடையாறு பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் நான் நடந்துகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. கழுத்தில் டை இருந்தது. (என்னுடையது அல்ல. கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புக்கு உடை கொடுப்பவரிடம் நண்பன் பாபு வாங்கி வந்தது. எவ்வளவு உயரமான நடிகருக்குத் தைத்தார்களோ, என் தொப்புளைத் தாண்டித் தொங்கியது.) கையில் நான்கு சர்ட்டிபிகேட்கள் இருந்தன. நான் விட்டுவந்த இடம் பாப்டிஸ்ட் சபைகளின் வெளிநாட்டு மிஷன் போர்டு அலுவலகம். அங்கே மூன்று பேர் இன்னும் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று காது சுட்டது.

ஒப்புக்கொள்கிறேன். எதுவாக இருந்தாலும், ஒன்று இருப்பதைவிட நான்கு இருப்பது நல்லது என்று அந்த வயதில் நம்பினேன்.

தி. நகரில் ஒரு ஜெபக்கூட்ட அறிவிப்புப் பலகையில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில், ஏரிக்கரை ஓரமாக ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. சிவந்த மண், ஒரு பெரிய மரம், அதன் நிழலில் வரிசையாக உட்கார்ந்து காத்திருக்கும் மக்கள். கீழே, ஜெனரேட்டர் பார்க்கத் தெரிந்த விசுவாசி ஒருவர் தேவை என்று எழுதியிருந்தது. நான் அப்போது சினிமா ஜெனரேட்டர் வண்டியில் வேலை பார்த்தேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்று, ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த இடத்தில் தூங்கிப் பழகியவன். எங்கே போனாலும் ‘ஆள் இருக்கு, அப்புறம் வா’ என்பார்கள். ஆள் தேவை என்று கடல் தாண்டி ஓர் இடம் சொல்கிறதே என்று அந்தப் பலகைக்கு முன்னால் நின்றேன். மறுநாளும் போய் நின்றேன். மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துத்தான் காத்திருக்கிறாள் என்று முடிவே செய்துவிட்டேன். (படம் எடுத்தவரைப் பார்த்திருப்பாள்.)

விண்ணப்பம் போட்டேன். கூப்பிட்டார்கள். பாபுவிடம் யோசனை கேட்டேன். பாபு லைட்மேன். அவன் போன ஒரே இன்டர்வியூவில் தோற்றவன் என்பது அப்போது எனக்கு நினைவு வரவில்லை.

“மச்சி, எவ்ளோ சர்ட்டிபிகேட் கீதோ அவ்ளோத்தையும் எடுத்துக்கினு போ. ஒண்ணையும் மறைக்காத. பார்ட்டி வெயிட்டுன்னு நெனைக்கணும்.”

பள்ளிச் சர்ட்டிபிகேட் என்னிடம் இல்லை. இருந்தது ஞானஸ்நான சர்ட்டிபிகேட்தான். மொத்தம் நான்கு.

அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். செயலாளர் சாலமன் ஐயா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பக்கத்தில் டாக்டர் கிரேஸ் அம்மா, அந்த ஏரிக்கரை ஆஸ்பத்திரியிலேயே பல வருடம் இருந்து திரும்பியவர். மூன்றாமவர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஓர் இளம் போதகர்.

“தம்பி, ஞானஸ்நானம் எடுத்திருக்கீங்களா?” என்றார் ஐயா.

“எடுத்திருக்கேன் ஐயா. நாலு.”

“உங்க குடும்பத்துல நாலு பேரா?”

“இல்லைங்கய்யா. நான் ஒருத்தனே.”

பாபு சொன்னபடி சர்ட்டிபிகேட்களை வருட வாரியாகப் பரப்பினேன். மயிலாப்பூரில் கைக்குழந்தையாக, கத்தோலிக்கக் கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றியது. கொட்டிவாக்கம் கடலில் ஒரு சின்ன ஜெபக்குழு முக்கியது. (அன்று அலை பெரியது. போதகரும் சேர்ந்து மூழ்கினார்.) ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடித் தொட்டி. கடைசியாக தி. நகரில், நீலத் தார்ப்பாயைக் கட்டித் தண்ணீர் நிரப்பிய குளம்.

இளம் போதகரின் பேனா நின்றுவிட்டது. அந்த மௌனத்தை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

“பத்தலைன்னா இங்கேயும் ஒண்ணு எடுத்துக்கறேன் ஐயா. வரும்போது சபை ஹால்ல மேடைக்குக் கீழ தொட்டி பார்த்தேன். மாத்துத் துணி கொண்டாந்திருக்கேன்.”

இளம் போதகர் இருமுவதுபோல் எழுந்து வெளியே போனார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் என்பது ஆள் வளர்ந்து, அறிந்து, தானாகக் கேட்டு, முழுக்க மூழ்கி எழுவது என்று பள்ளிக்கூடப் பொறுமையோடு விளக்கினார். “வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை தம்பி. இது பரீட்சை இல்ல, திரும்பத் திரும்ப எழுதறதுக்கு.”

கிரேஸ் அம்மா சிரிக்கவில்லை. “ஏன் தம்பி நாலு தடவை எடுத்தீங்க?”

பொய் சொல்ல நேரம் இல்லை. “முதல் தடவை எனக்கு ஞாபகம் இல்லைம்மா. மத்த மூணு தடவையும், தண்ணிக்குள்ள போனதும் முதுகுக்குக் கீழ ஒரு கை வந்து தாங்கிச்சு. மேல வந்தா எல்லாரும் துண்டோட நிக்கறாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டு, வான்னாங்க. அது பிடிச்சிருந்துச்சு.”

கிரேஸ் அம்மாவே அடுத்ததையும் கேட்டார். “ஒரே இடத்துல அதிகமா எவ்ளோ நாள் இருந்திருக்கீங்க?”

“எட்டு மாசம்மா.” நேர்மையாக இருக்க வேண்டும் என்று இதையும் சேர்த்துக்கொண்டேன்: “அதுல மூணு மாசம் கால்ல மாவுக்கட்டு.”

இப்போது அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “அங்க கரண்ட் அடிக்கடி போகும். நான் வயித்தக் கிழிச்சு வெச்சிருப்பேன். அந்த நிமிஷம் ஜெனரேட்டர்காரர் பக்கத்துல இருக்கணும். கெட்டிக்காரரா இல்லாட்டியும் பரவால்ல. இருக்கணும். உங்கள அனுப்ப எனக்குத் தைரியம் வரல தம்பி.”

அவர் சொன்னது சரி. நானே என்னை அனுப்பியிருக்க மாட்டேன்.

வாசல் வரை கூடவே வந்த கிரேஸ் அம்மா, “நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வர முடியுமா? போறவங்களுக்குப் பெட்டி கட்ட ஆள் வேணும்” என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நடந்தவன்தான் பாலத்துக்கு வந்திருந்தேன். எனக்கு வராத பயணத்துக்கு நான் மூட்டை கட்டுவதா என்று ஆற்றைப் பார்த்துக் கொஞ்சம் திட்டினேன். அப்படியே மயிலாப்பூர் வரை நடந்தேன்.

இந்தக் கதையை என் மனைவியிடம் கல்யாணத்துக்கு முன்பே சொன்னது என் இரண்டாவது தவறு. மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் துண்டை நீட்டிக்கொண்டு, “அஞ்சாவதா?” என்பாள். மகள் ஒருபடி மேலே. குளியலறைக் கதவைத் தட்டி, “அப்பா, சர்ட்டிபிகேட் ரெடி, வெளிய வா” என்கிறாள்.

இன்டர்வியூவுக்கு மறுநாள் எட்டு மணிக்குப் போகக் கூடாது என்றிருந்தேன். ஏழரைக்கே நின்றேன்.

கூடத்தில் தகரப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. தேர்வானவர் ஜெபராஜ் அண்ணன். ஒரே ஆலையில் பதினெட்டு வருடம் ஜெனரேட்டர் பார்த்தவர். ஃபில்டர்கள், பெல்ட்டுகள், ஸ்பேனர்கள், நடுவில் அவர் மனைவி திணித்த பருப்புப்பொடி, ஊறுகாய். ஸ்பேனர்களைத் துணியில் சுற்றி அடியில் வைத்தேன். ஊறுகாய் பாட்டிலுக்கு மூன்று பிளாஸ்டிக் பை போட்டேன். பெல்ட்டுகள் மடங்காமல் ஓரமாக வளைத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் வைக்கும்போது, அங்கே இதை எடுத்து எங்கே வைப்பார்கள் என்று யோசித்தேன்.

மூடி மூடவில்லை.

“ஏறி உக்காருப்பா” என்றார் ஜெபராஜ் அண்ணன்.

ஏறி உட்கார்ந்தேன். அவர் குனிந்து இரண்டு பக்கமும் கொக்கியை மாட்டினார். பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தார்.

“ஆச்சு தம்பி. எறங்கலாம்.”

“இருங்கண்ணே, இன்னும் கொஞ்சம் அமுங்கட்டும்” என்று சொல்லி, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.