செட்டுக்கு இருபது அர்த்தம்

ஞாயித்துக்கிழமை காலையில பம்பு மெக்கானிக் ஒரு சபதம் எடுத்தாரு. இன்னிக்குப் பொண்டாட்டி வாய அடைச்சே ஆகணும்! கல்யாணமாகி பதினோரு வருஷம். இதுவரைக்கும் அந்த வீட்டுல அவரு சத்தம் ஓங்கினது குறட்டையில மட்டும்தான்.

ஆயுதம் கையில இருந்துச்சு. பழைய பேப்பர் கடையில கிடைச்ச, அட்டை கிழிஞ்ச இங்கிலீஷ் அகராதி. அதுல 'செட்'ங்கிற ஒரே வார்த்தைக்கு மட்டும் நாலு பக்கம்!

"இந்தா, பம்பு செட்டு, கம்மல் செட்டோட நின்னுட்டியே, அந்த 'செட்'டுக்கு எத்தன அர்த்தம் தெரியுமா? இருபது சொல்றேன். சொல்லிட்டா இன்னிக்கு மத்தியானம் தூங்குவேன். எழுப்பக் கூடாது."

"சொல்லலைன்னா?"

"பரணச் சுத்தம் பண்றேன்."

பரண்ல ஆள் ஏறி ஆறு வருஷம். அங்க கரப்பான்பூச்சி கொள்ளுப்பேரன் எடுத்திருக்கும்.

"சரிங்க. ஆனா நான் எட்டாவதுதானே, வாயால சொன்னா எனக்கு வெளங்காது. செஞ்சு காட்டுங்க."

"பூ! இவ்வளவுதானா?"

வரிசையா அடுக்குறது செட். பாத்திரம் அடுக்கணும். கழுவாம எப்படி அடுக்குறது? கழுவினாரு.

"ஒண்ணு"ன்னா அவ.

கடிகாரத்துல நேரம் சரி பண்றது செட். நாற்காலி போட்டு ஏறினாரு.

"ஏறினதுதான் ஏறினீங்க, அந்த ஃபேன் றெக்கையையும் தொடைச்சிடுங்க."

"அது எந்த அர்த்தத்துல வருது?"

"எதுலயும் வரல. தொடைங்க."

சிமெண்ட் இறுகுறது செட். துணி தொவைக்கிற இடத்து விரிசலப் பூசினாரு. பதினொண்ணாவதுல நாக்குத் தள்ளிடுச்சு. கொஞ்சம் உக்காரலாம்னு அந்த வார்த்தையோட சரித்திரத்தை எடுத்து விட்டாரு.

"இது ஒரு வார்த்தையே இல்லடி, ரெண்டு. ஒண்ணு, 'உக்கார வை'ங்கிற பழைய சொல்லுலேருந்து வந்துச்சு. இன்னொண்ணு லத்தீன். ஒருத்தர் பின்னாடியே போற கூட்டம்னு அர்த்தம். நாளாக நாளாக ஒண்ணா சேந்துடுச்சு."

"நம்ம கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க. என்னைய உக்கார வைக்கலாம்னு நீங்க நெனச்சு வந்தீங்க. இப்ப என் பின்னாடியே சுத்துறீங்க. எந்திரிங்க, பன்னெண்டு."

பதினெட்டாவது, எலிப்பொறி வைக்கிறது. எலி எங்க இருக்கு? பரண்ல. பொறிய வைக்க இடம் வேணும்ல? ஆறு வருஷச் சாமான் அத்தனையும் கீழ இறங்குச்சு. கூட்டி, பெருக்கி, துடைச்சு, பொறிய வெச்சாரு. பொறி அவரு விரல வெச்சுக்கிச்சு.

"ஐயோ! எலும்பு!"

"எலும்பச் சேத்துக் கட்டுறதும் செட்டுதான். பத்தொம்பது"ன்னு அவளே துணியச் சுத்திவிட்டா.

மெக்கானிக் தள்ளாடிப் போய் ஜன்னலத் திறந்தாரு. வெளிய சூரியன் எறங்கிட்டிருந்துச்சு.

"அதோ! சூரியன் மறையுறதும் செட்டுதான்! இருபது! ஜெயிச்சுட்டேன்டி! இனி மத்தியானம் பூரா தூக்..."

வாய் அப்படியே நின்னுச்சு. சூரியனப் பாத்தாரு. பொண்டாட்டியப் பாத்தாரு.

"தாராளமா தூங்குங்க"ன்னா அவ, லைட்டப் போட்டுக்கிட்டே. "அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அதே அகராதியில 'ரன்'ங்கிற வார்த்தையப் பாத்து வைங்க. அது அஞ்சு பக்கம்."