டாக் வெட்டாத கையுறை

எனக்கு இரண்டு விஷயங்களில் சுயபுத்தி கிடையாது. ஒன்று மீன் வாங்குவது, மற்றது குளிர் உடுப்பு வாங்குவது. இரண்டிலும் அம்மா சொன்னதுதான் சட்டம். மீனால் எனக்குப் பெரிய மானக்கேடு எதுவும் வந்ததில்லை. கையுறையால் வந்தது.

அப்போது ஷாலினியைக் கலியாணம் செய்யும் ஆசையில் இருந்தேன். அவளுக்குத் தகப்பன் இல்லை. எல்லாம் தாய் ஜெயந்தி அன்ரிதான். அஜக்ஸ் நகரில் வீடு, மருத்துவமனையில் வேலை, சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் விளையாட்டு. (ஓம், எங்கள் அன்ரிமாரில் அப்படியும் ஒருவர்!) இயந்திரம் வானத்தில் எறிகிற களிமண் தட்டை, அது பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். மாசி மாதக் குளிரில் ஒரு சனிக்கிழமை என்னையும் வரச்சொன்னார்.

"அம்மா திரும்பவும் கூப்பிட்டா ஓகே," என்றாள் ஷாலினி. "கூப்பிடாட்டில் அவ்வளவுதான். ப்ளீஸ், வியர்டா ஒண்டும் செய்யாதையும்."

அன்ரி தொலைபேசியில் தெளிவாகத்தான் சொன்னார்: "தம்பி, மெல்லிய தோல் கிளவுஸா, கையோட ஒட்டி நிக்கிறமாதிரி எடும். விரலுக்கு விசை தெரியவேணும்."

அம்மாவிடம் சொன்னேன். "ஊரிலை துவக்குச் சூட்டுக்குப் பயந்துதானே இந்தக் குளிருக்கை வந்து கிடக்கிறம்?" என்று முதலில் தலையில் கைவைத்தார். பிறகு சம்பந்தம் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து ஆலோசனை தந்தார்.

"மெல்லிசோ? விரல் விறைச்சுப் போம். ஒரு சைஸ் பெரிசா, நல்ல தடிப்பா எடு. உள்ளுக்குக் கம்பளிக் கிளவுஸும் போடலாம். விலை போட்ட டாக்கை மட்டும் வெட்டிப்போடாதை. போட்டிட்டுக் கடையிலை திருப்பிக் குடுப்பம்."

கடையில் நின்ற பெண்ணும் மெல்லிய தோல் கையுறையைத்தான் எடுத்துக் காட்டினாள். நான் அவளைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தேன். (குளிரைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாளாம்.) பனியில் சறுக்குபவர்கள் போடுகிற பெரிய சோடி ஒன்றை வாங்கி, டாக்கை மணிக்கட்டுப் பக்கம் உள்ளே செருகிக்கொண்டேன்.

சனிக்கிழமை, சுடும் மேடையில் நின்றேன். வேலிக்குப் பின்னால் ஷாலினி. அன்ரி தந்த தோட்டா என் கையிலிருந்து நழுவிப் பனிக்குள் போனது. அடுத்ததும் போனது. வெறும் துப்பாக்கியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். விசையைச் சுற்றியிருக்கும் வளையத்துக்குள் என் விரல் போகவேயில்லை. குத்திப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன்.

"ஒருக்கால் கழட்டும், தம்பி," என்று அன்ரி துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இரண்டு கையும் பொதியாக இருந்ததால் பல்லால் கடித்து இழுத்தேன். "ம்ம்ம்!" என்று முக்கினேன்.

அந்த இயந்திரம் குரல் கேட்டுத் தட்டு எறியும் என்பது எனக்குத் தெரியாது. தட்டொன்று விர்ரென்று கிளம்பியது. "ஐயோ!" என்றேன். இன்னொன்று கிளம்பியது. "அன்ரி!" என்று கத்தினேன். மூன்றாவதும் போய் முழுசாகப் பனியில் இறங்கியது. அடுத்த மேடையில் நின்ற வெள்ளைக்காரர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். வேலிப்பக்கம் பார்த்தேன். ஷாலினி முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

என் வாயில் கையுறை தொங்கியது. அதிலிருந்து டாக் வெளியே வந்து காற்றில் ஆடியது.

அன்ரி அதைத் திருப்பிப் பார்த்தார். "திருப்பிக் குடுக்கிற பிளானோ?"

பொய் சொல்ல நினைத்தேன். வாயில் கையுறை. எடுத்துவிட்டுச் சொன்னேன்: "ஓம் அன்ரி. அம்மா சொன்னவா."

"இனிக் கடையிலை எடுக்கமாட்டாங்கள். பல்லுப் பதிஞ்சுபோச்சு."

அன்ரி சிரிக்கவில்லை. தன் வலக்கைக் கையுறையைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு, வெறுங்கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அது எனக்கு இறுக்கம்தான். ஆனால் உள்ளே அவருடைய கைச்சூடு அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வரும்போல் ஆகிவிட்டது. அதன்பிறகு எறிந்த தட்டுகளில் ஒன்றைக்கூட நான் உடைக்கவில்லை. ஆனால் விசை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தவறவிட்டேன்.

காரடியில் நான் விடைபெறத் தயங்கினேன். அன்ரி கதவைத் திறந்தபடி சொன்னார்:

"அடுத்த சனியும் வாரும். கிளவுஸை நான் வாங்கிக்கொண்டு வாறன். அம்மாட்டைக் கேக்காதையும்."

கலியாணத்தன்று, சனம் நிறைந்த மண்டபத்தில், அன்ரி என் பட்டுச் சால்வையின் ஓரத்தைத் தூக்கி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்தார். பிறகு மகளிடம் பலமாகச் சொன்னார்:

"பிள்ளை, நல்லாப் பாத்திட்டன். உவருக்கு டாக் இல்லை. இனித் திருப்பிக் குடுக்கேலாது."

என் அம்மாதான் முதலில் சிரித்தார். இன்றைக்கும் வீட்டில் வாய்த்தர்க்கம் முற்றினால் ஷாலினி வந்து என் சட்டைக் கொலரைப் புரட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறாள்.