ஒரு எழுத்தும் தெரியாத ஆள்

"ஹாதா கிதாப்!" என்றான் மைத்துனன், வாத்தியார் புத்தகத்தை எடுப்பதற்கு முன்பே.

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். "நான் இன்னும் கேள்வியே கேக்கலையேடா!"

"எப்படியும் புத்தகத்தைக் காட்டி 'இது என்ன'ன்னுதானே அரபியில கேப்பீங்க, மாமா? அடுத்தது பேனா. அதுக்கப்புறம் கதவு."

மறுநாள் தேர்வு. அரபி மொழியை வேற்று மொழிக்காரர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் பயிற்சி அது. அரபியில் ஒரு எழுத்தும் தெரியாத ஆள் ஒருவரை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும். வேறு மொழி ஒரு வார்த்தை பேசாமல், கையையும் காலையும் ஆட்டியே அவருக்குப் பாடம் ஏற்ற வேண்டும். போன முறை, குரல் கடைசி நாற்காலிவரை எட்டவில்லை என்று ஃபெயிலாக்கிவிட்டார்கள். சான்றிதழ் வந்தால் வேலை தருவதாக ஒரு பள்ளிக்கூடம் சொல்லியிருந்தது. அதை நம்பி, கையில் இருந்த குமாஸ்தா வேலையையும் விட்டாயிற்று.

அதனால் இந்த முறை மனிதர் மைத்துனனை எதிரே உட்காரவைத்து, தினமும் தொண்டை கிழிய ஒத்திகை பார்த்தார். விளைவு, பையன் தேறிவிட்டான்.

சரி, மனைவி இருக்கிறாளே என்று பார்த்தால், அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கும் எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

"தெரியாத மாதிரி நடிக்கிறேன், விடுங்க" என்றாள்.

பேனாவைக் காட்டினார். அவள் இரண்டடி பின்வாங்கி, "ஐயோ, என்னங்க இது!" என்று அலறினாள்.

"அரபி தெரியாதவளா நடிக்கச் சொன்னேன்டி! பேனாவையே பார்க்காதவளா இல்ல!"

மாடி வீட்டுக்காரரிடம் ஓடினார். அவர் படியில் நின்றபடியே முழுப் பாடத்தையும் ஒப்பித்துவிட்டு, "கதவு வர்ற இடத்துல கொஞ்சம் வேகமாப் போறீங்க, சார்" என்று குறையும் சொன்னார்.

காலையில் தன்னந்தனியாகப் பயிற்சி நிலையத்துக்குப் போனார். வாசலில் ஒரு கண்ணாடிக்காரர் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"சார், உங்களுக்கு அரபி தெரியுமா?"

"ஒரு எழுத்து தெரியாது."

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விவரத்தைச் சொல்லி, கையோடு உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

எப்பேர்ப்பட்ட மாணவர்! முதலில் புத்தகத்தைப் பேனா என்றார், பேனாவைக் கதவு என்றார், திருதிருவென்று விழித்தார். பிறகு மெல்ல மெல்லப் புரிந்து, முகம் மலர்ந்து, கடைசியில் எல்லாவற்றையும் பிசிறில்லாமல் சொன்னார். தேர்வாளர் அம்மா கைதட்டியே விட்டார். பாஸ்!

வெளியே வந்ததும் வாத்தியார் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "யாரு பெத்த பிள்ளையோ, என் பிழைப்பைக் காப்பாத்துனீங்க! இனிமே தினம் எங்க வீட்டுக்கு வாங்க, மிச்சத்தையும் சும்மாவே சொல்லித்தரேன்."

கண்ணாடிக்காரர் பதறிப்போய்க் கையை உருவிக்கொண்டார்.

"ஐயையோ, நான் உங்க பின் வீட்டுக்காரன் சார்! நீங்க மறுபடியும் ஃபெயிலாகி இன்னொரு தடவை ஒத்திகை ஆரம்பிச்சா தாங்காதுன்னுதான், உங்க பின்னாடியே பஸ் ஏறி வந்து வாசல்ல நின்னேன்!"