பூமியைக் காப்பாற்றும் நல்லகாமன்

இவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அரசாங்க நிலத்துக்கும் தனியார் பணத்துக்கும் கல்யாணம் செய்துவைத்து, இரு வீட்டாரிடமும் தரகு வாங்கிக்கொண்டு, அதற்குப் பூமியைக் காப்பாற்றுதல் என்று பெயர் சூட்டும் இனம். ஏசி இல்லாத அறையில் புவி வெப்பத்தைப் பற்றிப் பேச இவருக்கு வாய் வராது. 'கார்பன்' என்றால் குரல் தழுதழுக்கும். கண்ணீர்தான் வராது.

மதுரை காளவாசலில் ஆபீஸ் வைத்திருக்கும் நல்லகாமன் இதில் முதல் தரம். உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊரொன்றின் மேய்ச்சல் நிலத்தில், அரசும் ஒரு கம்பெனியும் கூட்டாகச் சூரிய மின்நிலையம் வைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊராட்சித் தலைவி சீனியம்மாளுக்கு மாடு மேய இடம் போகிறதே என்று தயக்கம். ஆனாலும், புகையில்லாத கரண்ட், ஊருக்கு வேலை என்ற நல்லகாமனின் பேச்சை நம்பி, வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கித் தந்தார்.

சோலார் தகடுகள் சில வரிசை வந்தன. போட்டோ எடுத்தார்கள். அடுத்து வந்தது எண்ணெய் எரிக்கும் ராட்சத எஞ்சின். வெயில் இல்லாத நேரத்துக்கு மட்டும் என்றார் நல்லகாமன். முதலீட்டில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது; உச்சி வெயிலிலும் அதுதான் ஓடியது. காயப்போட்ட துணி கறுத்தது. சீனியம்மாளின் மகளுக்கு மூச்சு இரைத்தது.

"ஒன்னய நம்பித்தானத்தா எடத்தக் குடுத்தோம்" என்றாள் பக்கத்து வீட்டு முனியாயி. சீனியம்மாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது எஞ்சினுக்குச் சம்மதம் கேட்டு நல்லகாமன் கிராம சபைக்கு வந்தார். வளரும் நாட்டில் முதலீடு வந்தால் முதலில் புகை கூடத்தான் செய்யும், பிறகு தானாகக் குறைந்துவிடும் என்று விளக்கினார்.

"எப்பண்ணே குறையும்?" என்றார் சீனியம்மாள்.

"நாம வளந்ததுக்கு அப்பறந்தாம்மா."

"நாமன்னா யாருண்ணே?"

நல்லகாமன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். சீனியம்மாள், முன்பு சம்மதம் வாங்கித் தந்தது தன் தப்பு என்று சபையில் சொல்லிவிட்டு, எஞ்சின் வேண்டாம் என்ற தீர்மானத்துக்கு முதல் கை தூக்கினார். முனியாயி அடுத்து. பிறகு ஊரே தூக்கியது. இரண்டாவது எஞ்சின் வரவில்லை. முதலாவது இன்னும் ஓடுகிறது. அதை நிறுத்தச் சொல்லிச் சீனியம்மாள் கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்.

நல்லகாமனோ, இப்போது சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே பூமியைக் காப்பாற்ற இடம் பார்க்கிறார்.

சிரிக்கிறீர்களா? பசுமை என்று பெயர் போட்ட திட்டம் எதிலாவது சேமிப்பைப் போட்டுவிட்டு, அது எந்த ஊரில் எதை எரிக்கிறது என்று கேட்காமல் இருக்கிறீர்களா? அப்படியானால் அந்த எஞ்சினில் ஒரு திருகாணி உங்களுடையது.